குளியலறையில் வழுக்கி விழாதவர்

கதவுத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் 'வழுவழு' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. மாதத்துக்கு ஒரு நாள் அதை வெளியே எடுத்துப் பயன்படுத்திவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிடுவார்கள். தேய்ப்பு மெஷினிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கதவையும் அவர் இடது புறங்கையால் மேலிருந்து கீழாக ஒரு முறை தடவுவார். தடவிவிட்டு, "இன்னும் வழுவழுன்னு வரலையே" என்பார். மற்றவர்கள் கண்ணுக்கு அந்தக் கதவில் முகம் பார்க்கலாம் போலிருக்கும். அவர் கைக்கு மட்டும் எங்கோ ஒரு சொரசொரப்பு தட்டுப்படும். இருபத்திரண்டு வருடமாக அது தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது.

மனிதரும் தன் கதவு மாதிரிதான். பேச்சில் ஒரு சிலாம்பு இருக்காது. பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்தால், "தப்பு என் மேலதான், காலை நீட்டிட்டேன்" என்று அவர் மன்னிப்புக் கேட்பார். "வீட்டுக்குத் திருடன் வந்தாக்கூட, இருட்டா இருக்கு பாத்து வாங்கன்னு விளக்கைப் போடுற ஆளு" என்று அவர் மனைவி சொல்வாள்.

மனைவி வேறு ரகம். ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் ஆறு பெண்களுக்கு அவள்தான் தலைவி. சோதனை பார்க்க ஓர் அறைக்குள் நுழைந்தால் கட்டிலையும் பார்க்க மாட்டாள், கண்ணாடியையும் பார்க்க மாட்டாள். நேரே குளியலறைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தரையை அழுத்திப் பார்ப்பாள். கால் ஒரு நூல் நகர்ந்தாலும் அந்த அறையைச் சுத்தம் செய்தவள் தொலைந்தாள். தன் வீட்டுக் குளியலறையை எப்படி வைத்திருப்பாள் என்று சொல்லவே வேண்டாம். வழுவழு குளித்துவிட்டு, தரையைத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் வெளியே வர வேண்டும். கல்யாணம் ஆன முதல் வாரத்தில் போட்ட சட்டம். ஒரு நாளும் மீறப்பட்டதில்லை.

தேய்ப்பு மெஷின் பெரிய மர்மமெல்லாம் இல்லை. ஒரு முழ அகல உப்புத்தாளைப் பெல்ட்டாக ஒட்டி, இரண்டு உருளைகளுக்கு நடுவில் கண்மண் தெரியாத வேகத்தில் ஓடவிட்டிருந்தார்கள். கை அதில் பட்டுவிடாமல் இருக்க மேலே ஒரு தகட்டு மூடி. புதிதாக வந்த ஆர்டரில் கதவுகள் அகலம் அதிகம். மூடியில் இடித்தன, வேலை சுணங்கியது. சூப்பர்வைசர் நாலு போல்ட்டைக் கழற்றி மூடியைக் கொண்டுபோய்க் கட்டடத்துக்குப் பின்னால் சாத்தினான். "ரெண்டு நாளைக்குத்தான் அண்ணே, இந்த ஆர்டர் முடியட்டும்" என்றான். அந்த இரண்டு நாள் இரண்டு மாதம் நீண்டது.

வழுவழுவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வாரம் யோசித்து, வார்த்தைகளை நன்றாகத் தேய்த்து எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனார்.

"தம்பி, அந்த மூடி வெளியிலயே கிடக்கு."

"ஆமா அண்ணே."

"மழை கிழை பெஞ்சா துருப்பிடிச்சிரும் பாருங்க."

"அடடா, நல்லவேளை சொன்னீங்க" என்று சூப்பர்வைசர் அன்றே மூடியைத் தகரக் கொட்டகைக்குள் எடுத்து வைத்தான். உங்களைப் போலத் தொழிற்சாலைப் பொருள்மேல் அக்கறை யாருக்கு இருக்கிறது என்று பாராட்டும் சொன்னான். வழுவழு நன்றி சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பினார். தன் வாழ்நாளிலேயே கடுமையான புகார் ஒன்றைக் கொடுத்துவிட்டதாக அவருக்கு அன்றைக்கெல்லாம் படபடப்பு.

அது நடந்து மூன்றாவது வாரம், காலைத் தேநீருக்கு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. கதவில் ஒரு கணு இருந்ததைப் பெல்ட் கடித்துவிட்டது. கதவு துள்ளிப் பின்னால் எகிற, அதை அழுத்திக்கொண்டிருந்த இடது கை முன்னால் போய் பெல்ட்டில் விழுந்தது. சட்டைக் கையைப் பெல்ட் சுருட்டி இழுத்துக்கொண்டது. ஒரு தும்மல் போடுகிற நேரம்தான். எதிர் மெஷின்காரர் பாய்ந்து வந்து சிவப்புப் பொத்தானை அடித்தபோது, புறங்கையிலிருந்து முழங்கைவரை அவர் கையில் தோல் என்று ஒன்று இல்லை.

முதலில் இரத்தமும் வரவில்லை, வலியும் வரவில்லை. வெளிறிப்போய், ஈரமாக, புள்ளி புள்ளியாக ஏதோ ஒன்று தெரிந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். 'ரொம்ப ஆழமாத் தேச்சுட்டோமே' என்றுதான் அவருக்குத் தோன்றிற்று. அடுத்து, கதவில் கறை பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அப்புறம்தான் இரத்தம் வந்தது, பின்னாலேயே வலியும் வந்தது. அந்த வலியில் அவர் போட்ட சத்தத்தை, அவர் சத்தமாகப் பேசியே கேட்டிராத தொழிற்சாலை முழுக்க நின்று கேட்டது.

சூப்பர்வைசர் தன் சொந்தக் காரிலேயே அழைத்துப் போனான். இருக்கையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டான், அதைக் குறை சொல்ல முடியாது. பாதி வழியில், ஒரு சிக்னலில் நின்றபோது, கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினான்.

"அண்ணே, ஆஸ்பத்திரியில கேப்பாங்க. வீட்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிருங்க. வேலை செய்யுற இடம்னு சொன்னா அங்க இங்கன்னு எழுதி, ஆபீசருங்க வந்து, நம்ம எல்லாருக்கும் தலைவலி. செலவு எல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

நல்லபடியாகக் கேட்டால் வழுவழுவால் மறுக்க முடியாது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி தம்பி, உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்றார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் காயத்தைக் கழுவத் தொடங்கினார். கழுவக் கழுவ மரத்தூள் வந்தது. அதோடு கருப்பாக மணல் மாதிரி ஏதோ வந்தது. ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்க வேண்டியிருந்தது.

"எப்படி ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்க."

டாக்டர் இடுக்கியில் இருந்ததை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பாத்ரூம்ல இவ்வளவு மரத்தூள் எங்கிருந்து வந்துச்சு?"

வழுவழு யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கம் இருந்தால்தானே. "பாத்ரூம் கதவு மரக்கதவுங்க" என்றார்.

டாக்டர் சீட்டை எடுத்தார். 'குளியலறையில் விழுந்ததாக நோயாளி கூறுகிறார்' என்று எழுதினார். அதற்குக் கீழேயே, காயம் ஒரே திசையில் அகலமாக உராய்ந்து ஏற்பட்டது, உள்ளே மரத்தூளும் உப்புத்தாள் துகள்களும் இருந்தன என்று அதைவிடப் பெரிதாக எழுதி வைத்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவி வந்து சேர்ந்தாள். கையைப் பார்த்து அழுதாள், கணவனின் தலையைக் கோதினாள். எப்படி நடந்தது என்று கேட்டதற்கு நர்ஸ் பதில் சொன்னார். அழுகை சட்டென்று நின்றது.

"எங்க வழுக்கி விழுந்தார்?"

"உங்க வீட்டுப் பாத்ரூம்லன்னு எழுதியிருக்கு அம்மா."

"என் பாத்ரூம்லயா?" முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "காலைல ஏழு மணிக்கு நானே துடைச்சுக் காயவச்சுட்டு வந்த பாத்ரூம்லயா? ஏங்க, இங்க பாருங்க. என்னைப் பாருங்க."

வழுவழு கூரையைப் பார்த்தார். ஆறு பெண்கள் துடைத்த தரையையும் வெறுங்காலால் மிதித்துச் சோதிப்பவள் வீட்டிலேயே புருஷன் வழுக்கி விழுந்தான் என்று விடுதிக்குத் தெரிந்தால் அவள் கதி என்ன ஆகும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சூப்பர்வைசருக்குத் தலைவலி வேண்டாம் என்று நினைத்தவர், தனக்கு வரப்போகும் தலைவலியை யோசிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் உண்மை முழுக்க வெளியே வந்துவிட்டது, மூடி துருப்பிடிக்கும் என்று புகார் சொன்ன கதை உட்பட.

மூன்று நாள் கழித்து அறுவை சிகிச்சை. தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவிக் கையில் ஒட்ட வேண்டும் என்றார்கள். வழுவழு பயப்படவில்லை, அவருக்குத் தொழில் ரீதியான சந்தேகம் வந்தது. எந்தக் கருவியால் சீவுவார்கள், எவ்வளவு கனத்துக்குச் சீவுவார்கள், தச்சர் இழைப்புளி மாதிரியா என்று டாக்டரைத் துளைத்தார். கிட்டத்தட்ட இழைப்புளி மாதிரிதான் என்று தெரிந்ததும் நிம்மதியாகப் படுத்துக்கொண்டார். ஆனால் தொடை எரிந்த எரிச்சலை எந்தத் தச்சரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. கட்டைப் பிரித்த அன்று, வலது புறங்கையை இடது கையின் புதுத் தோலின்மேல் வைத்து மெல்ல ஓட்டினார். வலை பின்னியது போல ஒரே மேடு பள்ளம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு மனைவியும் அவரைக் கேலி செய்யவில்லை.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் சூப்பர்வைசர் ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தான். ஆப்பிளுக்கு அடியில் ஒரு தாளும் இருந்தது. விபத்து வீட்டில் நடந்தது, கம்பெனி மனிதாபிமானத்தோடு ஒரு மாதச் சம்பளம் தந்தது, இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட ஓர் இடத்தில் பென்சிலால் அடையாளம் வைத்திருந்தார்கள்.

வழுவழுவின் வலது கை தானாகப் பேனாவைத் தேடியது. மனைவி அந்தக் கையில் ஓர் ஆப்பிளை வைத்தாள்.

"தம்பி, செருப்பைக் கழட்டுங்க" என்றாள்.

"எதுக்கு அண்ணி?"

"கழட்டுங்க சொல்றேன்." குளியலறைக் கதவைத் திறந்துவிட்டாள். "உள்ள போங்க. குழாயைத் திறந்து நல்லாத் தண்ணி விட்டுக்குங்க. சோப்பு வேணும்னா அதோ இருக்கு. ஒரு தடவை வழுக்கி விழுந்து காட்டுங்க, நானே அவர் கையைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கித் தர்றேன்."

சூப்பர்வைசர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான், ஒரு காலை இப்படியும் அப்படியும் நகர்த்தினான். தரை அவனை விடவில்லை. பேன்ட் ஓரம் நனைந்ததுதான் மிச்சம். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். ஆப்பிளை விட்டுவிட்டுப் போனான்.

மறுநாளே அவள் கணவனை இலவசச் சட்ட உதவி மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த வக்கீலம்மா மெலிந்த குரல்காரர்; ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்ததும், எழுதிய டாக்டரை இருந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார்.

"இதுல என் தப்பும் இருக்கும்மா" என்று வழுவழு ஆரம்பித்தார். "சட்டைக் கையை மடிச்சு விட்டிருக்கணும்."

"இருக்கட்டும் ஐயா. வேலை செய்யும்போது அடிபட்டா, யார் தப்புன்னு பாக்காமலே முதலாளி ஈட்டுத்தொகை கொடுக்கணும்னு சட்டம் இருக்கு. வைத்தியச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்துல ஒரு பங்கு, கை பழையபடி வரலைன்னா அதுக்குத் தனியா. வெறும் சிராய்ப்புதானேன்னு அவங்க சொல்வாங்க. தோல் ஒட்டுப் போட்ட காயம் சிராய்ப்பு இல்ல. முழங்கை எவ்வளவு மடங்குது, எவ்வளவு நீளுதுன்னு டாக்டர் அளந்து எழுதித் தரணும்."

"மூடியைக் கழட்டி வச்சாங்களே, அதுக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"அது அஜாக்கிரதை. அதுக்குத் தனியா வழக்குப் போடலாம். ஆனா வருஷக் கணக்குல இழுக்கும், அங்க நீங்க நிரூபிக்கணும். ஒரே இழப்புக்கு ரெண்டு இடத்துல வாங்க முடியாது. மெஷின் செஞ்ச கம்பெனி மேல தப்புன்னா அவங்க மேலயும் போகலாம். அவங்கதான் மூடி கொடுத்திருக்காங்களே! அதனால முதல்ல ஈட்டுத்தொகை மனு, கூடவே தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு புகார். எல்லாத்துக்கும் கெடு இருக்கு, தள்ளிப்போடக் கூடாது. மனு போட்டதுக்காக வேலையை விட்டு எடுத்தா அதையும் கேக்கலாம்." பிறகு குரலைத் தணித்தார். "ஆனா டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்னு நீங்களே எழுதிக் கொடுக்கணும். ஏன் சொன்னீங்கன்னும் எழுதணும். அப்புறம் கம்பெனிக்கு, எப்போ எங்க எப்படி அடிபட்டுச்சுன்னு ஒரு நோட்டீஸ். உங்க வார்த்தையிலயே எழுதிட்டு வாங்க, நான் திருத்தித் தர்றேன்."

வழுவழு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். எழுதியதைப் படித்தார், சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது. திருத்தினார். மறுபடி படித்தார், மறுபடி தட்டுப்பட்டது. ஐந்தாவது தடவை தேய்த்து முடித்ததை வக்கீலம்மாவிடம் கொடுத்தார். 'தங்கள் மெஷினுக்கு என் கையால் ஏற்பட்ட தடங்கலுக்கு வருந்துகிறேன்' என்று அது தொடங்கியது.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, இது நோட்டீஸா, மன்னிப்புக் கடிதமா?"

"கொஞ்சம் கடுமையா வந்துருச்சோன்னு பயந்தேன்" என்றார் அவர்.

கடைசியில் வக்கீலம்மாவே எழுத, அவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஆய்வாளர் தொழிற்சாலைக்குப் போன அன்று மூடி மெஷின்மேல் உட்கார்ந்திருந்தது. அவசரத்தில் மாட்டியதால் தலைகீழாக உட்கார்ந்திருந்தது. போல்ட் நாலும் கடையிலிருந்து வந்த பளபளப்பு மாறாமல் இருந்தன, மூடியின் உள்பக்கம் ஒரு சிலந்தி குடும்பத்தோடு குடியிருந்தது. ஆய்வாளர் சிலந்தியைத் தொந்தரவு செய்யாமல் படம் பிடித்துக்கொண்டார். எதிர் மெஷின்காரரும் தான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டார்.

ஆனாலும் கம்பெனி பதில் அனுப்பியது. அதில் இப்படி ஒரு வரி இருந்தது: 'மேற்படி தொழிலாளி வேலையில் கவனமற்றவர். அவர் தேய்த்த கதவுகள் சொரசொரப்பாக இருப்பதாகப் பலமுறை திரும்பி வந்துள்ளன.'

வழுவழு அதை ஒரு முறை படித்தார். காது மடல் சிவந்தது. தாளைக் கீழே வைத்தார், எழுந்து ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி படித்தார்.

"திரும்பி வந்துச்சாம்" என்றார். "என் கதவு. திரும்பி வந்துச்சாம்!"

மனைவி கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு அவரையே பார்த்தாள். "ஏங்க, உங்களுக்குக் கோபம் வந்திருக்கு" என்றாள், குழந்தைக்கு முதல் பல் முளைத்ததைப் பார்த்தவள் போல.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. மின்விசிறி கடகடக்கும் அறை, நீண்ட மேஜை, அந்தப் பக்கம் அதிகாரி. கம்பெனி வக்கீல் எழுந்து, மூடி இல்லாததைப் பற்றி இவர் ஒரு நாளாவது புகார் சொன்னதுண்டா என்று கேட்டார்.

"சொன்னேங்க. துருப்பிடிச்சிரும்னு சொன்னேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அறையில் யாரோ சிரித்தார்கள். வழுவழு சிரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேய்க்காத பேச்சைப் பேசினார்.

"எனக்கு அப்படித்தாங்க பேச வரும். அதுக்காக மூடி இல்லாம இருந்தது பொய்யாகாது. இருபத்திரண்டு வருஷம் வேலை பாத்திருக்கேன். ஒரு கதவு, ஒரே ஒரு கதவு, சொரசொரப்பா இருக்குன்னு திரும்பி வந்ததா ரசீது காட்டச் சொல்லுங்க. காட்டினா நான் இந்த மனுவைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்." வக்கீலம்மா பதறிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை. "இந்தக் கையை வச்சுத்தான் நான் எது வழுவழுப்பு, எது இல்லன்னு பாப்பேன். இப்ப இந்தக் கைக்கே தொட்டா ஒண்ணும் தெரியல. பொய் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். அதுதான் என் தப்பு. மத்தது என் தப்பில்ல."

ரசீது எதுவும் இல்லை. அதிகாரி சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, மூடியைப் பற்றி இவர் உங்களிடம் பேசினாரா என்று கேட்டார். சூப்பர்வைசர் கம்பெனி வக்கீலைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான். "பேசினாருங்க. எனக்கும் புரிஞ்சுது. புரியாத மாதிரி இருந்துட்டேன்" என்றான்.

உத்தரவு வர இன்னும் ஐந்து மாதம் ஆயிற்று. வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களுக்கான தொகை, முழங்கை இனி முழுக்க நீளாது என்பதற்கான தொகை, மூன்றும் கிடைத்தன. மூடிக்காகக் கம்பெனிக்கு அபராதம் தனி. அஜாக்கிரதை வழக்கு வேண்டாம் என்று வழுவழு முடிவு செய்தார். வருஷக் கணக்கில் கோபமாக இருக்கத் தன்னால் ஆகாது என்று காரணம் சொன்னார். மனைவிக்குத் தொகையைவிட உத்தரவின் நாலாவது பக்கம்தான் பிடித்தது. 'விபத்து வீட்டுக் குளியலறையில் நடந்தது என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல' என்ற வரியைச் சிவப்பு மையால் கோடு போட்டு, விடுதியில் ஆறு பெண்களுக்கும் வாசித்துக் காட்டினாள்.

அவரை மெஷினில் நிறுத்தாமல், முடிந்த கதவுகளைச் சரிபார்க்கும் மேஜையில் உட்காரவைத்தார்கள். வெயிலில் புதுத் தோல் அரிக்கும். அதன்மேல் இறுக்கமான உறை ஒன்றை ஒரு வருடம் போட்டுக்கொள்ள வேண்டும். வலது கையால் தடவிப் பழகிக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், தேநீர் நேரத்தில் சூப்பர்வைசர் ஒரு குவளையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தேநீரை ஒரு வாய் குடித்தான். பிறகு வலது கையை நீட்டினான். மோதிர விரலின் நுனியில் நகம் இல்லை.

"அறுக்குற மெஷின்ல நான் இருந்தப்போ, அண்ணே. பதினோரு வருஷம் ஆச்சு. அப்ப இருந்த சூப்பர்வைசர் சொன்னார், வீட்டு ஜன்னல்ல நசுங்கிருச்சுன்னு சொல்லுன்னு."

வழுவழு அந்த விரலைப் பார்த்தார். "வீட்ல நம்பிட்டாங்களா?"

"நம்பி, அன்னைலேருந்து அந்த ஜன்னலைத் திறக்க விடமாட்டேங்குறா" என்றான் சூப்பர்வைசர். "கோடைல வெந்து சாகுறோம்."

"இன்னைக்குப் போய்ச் சொல்லிருங்க தம்பி" என்றார் வழுவழு. "காத்தாவது வரட்டும்."